பம்பரம் தாண்டிப் போன இடம்

மீட்புப் படையின் நாய்ப் பிரிவில் அவரை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் தொங்கிய ஊதலை அவர் ஊதி யாரும் பார்த்ததில்லை. இரண்டு விரலை மடக்கி வாயில் வைப்பார். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பம்பரம் பாய்ந்து வந்து அவர் முழங்காலில் மோதி நிற்கும். கூடவே மற்றவர்களின் நாய்களும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அதனால் அவருக்கு ரசிகர்களும் உண்டு, திட்டுகிறவர்களும் உண்டு.

பம்பரம் தேடுதல் நாய். இடிந்த கட்டடத்துக்கு அடியில் உயிரோடு இருக்கும் ஆளை மோப்பம் பிடித்து, அந்த இடத்திலேயே நின்று குரைப்பது அதன் வேலை. பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று மடிந்திருக்கும். குட்டியாக வந்த நாளில் தன் வாலைத் தானே துரத்திச் சுற்றிச் சுற்றி விழுந்ததால் அந்தப் பெயர். வேலை முடிந்ததும் நாயை வீட்டுக்குக் கூட்டிப் போகப் பயிற்சியாளர்களுக்கு அனுமதி இருந்தது. விசிலின் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வண்டியில் கத்தும் பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கும் அவளால் பம்பரத்தை மட்டும் சோபாவிலிருந்து இறக்க முடிந்ததில்லை. "எனக்குச் சக்களத்தி இல்லேன்னு யார் சொன்னது? நாலு காலும் ஒரு வாலுமா வந்து உட்கார்ந்திருக்கே" என்பாள்.

பம்பரத்துக்கு எட்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டைத் தொட்ட நாய்கள் உடல் தகுதியிலும் இடிபாட்டுத் தேடலிலும் தேர்வுக்கு நிற்க வேண்டும், தேறாவிட்டால் ஓய்வு. அது பழைய விதி. புதிதாக வந்தது இன்னொன்று: ஐம்பது தாண்டிய பயிற்சியாளருக்கு இனிப் புது நாய் கிடையாது. விசிலுக்கு ஐம்பது முடிந்திருந்தது. பம்பரத்துக்கு ஓய்வு என்றால் அவருக்கும் மைதானம் கிடையாது. கட்டுப்பாட்டு அறையில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய மச்சினன் பிரிவுக்கு டாக்டராக வந்தான். மனைவியின் ஒரே தம்பி. கால்நடை மருத்துவம் படித்து, வேலை செய்யும் நாய்களின் உடம்பைப் பற்றித் தனியாகவும் படித்தவன். வந்த சூட்டோடு பழைய சாமான் அறையைக் காலி பண்ணி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நடுவில் ஒரு டிரெட்மில்லைக் கொண்டுவந்து வைத்தான்.

"நாய்க்கு ஓடக் கத்துக் கொடுக்கப் போறியா மச்சான்? அப்புறம் மீனுக்கு நீச்சலா?" என்றார் விசில். வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நீங்க முதல்ல பம்பரத்தை ஏத்துங்க மாமா. சிரிக்கிறதை அப்புறம் வெச்சுக்கலாம்."

நகரும் தரையைக் கண்டு பம்பரம் முதலில் பயந்தது. நாலு காலையும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு பின்னோக்கிப் போய் விசிலின் மடியில் விழுந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. மச்சினன் அதன் நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டி, ஓடும்போது இதயம் எப்படித் துடிக்கிறது, நின்ற பிறகு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று திரையில் காட்டினான்.

"ஓடறப்போ ஏறுறது பெரிசில்ல மாமா. எல்லா நாய்க்கும் ஏறும். நின்னதும் எவ்வளவு வேகமா இறங்குதுங்கறதுதான் கணக்கு. இவன் மெதுவா இறங்கறான்."

"இவன் இதுவரைக்கும் எத்தனை பேரைக் கண்டுபிடிச்சிருக்கான் தெரியுமா?"

"தெரியும். மூக்கு தங்கம்தான். ஆனா அந்த மூக்கைச் சுமக்கறது உடம்பு. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. சூடு ஏறினா வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் தணிச்சுக்கணும். அப்படி மூச்சு வாங்கறப்போ மோப்பம் பிடிக்க முடியாது. வாய் திறந்தா மூக்கு மூடின மாதிரி. உடம்பு பழகின நாய்க்கு லேசுல சூடு ஏறாது, வாயை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் தேடும். நான் ஓடச் சொல்றது வேகத்துக்கு இல்ல மாமா, மூக்குக்கு."

இது விசிலுக்குப் புதிது. மத்தியான வேளையில் பம்பரம் தடுமாறுவதை வெயிலின் மேல் பழி போட்டே அவர் பல வருடம் கழித்திருந்தார். அன்றிலிருந்து மச்சினன் சொன்னபடி கேட்டார். முதலில் மெதுநடை போட்டு உடம்பைச் சூடாக்குவது, பிறகு ஓட்டம், பிறகு மறுபடி நடந்து ஆறுவது. ஒருநாள் மேடு ஏறுதல், ஒருநாள் நீச்சல், இடையிடையே முழு ஓய்வு. சில வாரங்களில் பம்பரத்தின் தொடை இறுகியது. விலா எலும்பின் மேலிருந்த கொழுப்பு கரைந்தது. அதே ஓட்டத்தை இதயம் குறைந்த துடிப்பில் முடித்தது. நின்ற சிறிது நேரத்தில் திரையில் கோடு சரசரவென்று இறங்குவதைக் கண்டு விசில் குழந்தை மாதிரி கைதட்டினார்.

"பாத்தியா! கிழவன் குமரனாயிட்டான்!"

"ஆயிட்டான் மாமா. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. உடம்பு ஓடறப்போ வளர்றதில்ல. ஓடறப்போ தசை கொஞ்சம் கொஞ்சமாக் கிழியுது. படுத்துக் கிடக்கறப்போதான் அது கூடி முன்னைவிட உறுதியாகுது. ஓய்வு கொடுக்கலேன்னா கிழிஞ்சது கிழிஞ்சபடியே இருக்கும்."

விசில் தலையாட்டினார். காதில் விழுந்தது முன்பாதி மட்டும்தான்.

எட்டாம் வயதுத் தேர்வுக்குத் தேதி குறித்தார்கள். முதலில் உடல் தகுதி, ஒரு வாரம் கழித்து இடிபாட்டுத் தேடல். கோடு இறங்க இறங்க விசிலுக்கு ஆசை ஏறியது. இவ்வளவு பயிற்சிக்கே இப்படி என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்தால்? வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பல அடுக்குக் கார் நிறுத்தம் ஒன்று இருந்தது. விடியற்காலையில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. பம்பரத்தைக் கூட்டிப் போய் அதன் படிகளில் ஏற்றி இறக்கத் தொடங்கினார். முதலில் ஓய்வு நாட்களில் மட்டும், பிறகு தினமும். பிறகு, பழைய சட்டையின் பைகளில் மணலைத் தைத்து அதன் முதுகில் கட்டினார். பம்பரம் ஒருநாளும் மறுக்கவில்லை. விரலை மடக்கினால் ஓடி வந்தது, கை காட்டினால் ஏறியது. உச்சியில் நின்று வாலை ஆட்டியது. அந்த வாலை நம்பித்தான் அவர் மோசம் போனார். நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார்கள். தன் களைப்பைப் பற்றி மட்டும் அது வாய் கூசாமல் பொய் சொல்லும், அதுவும் தனக்குப் பிடித்தவரிடம்.

முதலில் கவனித்தவள் மனைவி.

"இது ஏன் தட்டுல பாதியை வெச்சுட்டுப் போகுது?"

"வெயிலு."

"சோபாவுல ஏற மாட்டேங்குது. கீழயே படுத்துக்குது. நான் துரத்தி துரத்தி அலுத்துப்போன நாயி, இப்ப வா வான்னு கூப்பிட்டாலும் வரல."

"ஒழுக்கம் வந்துருச்சு போல. உனக்குத்தான் சந்தோஷமாச்சே."

அவள் சிரிக்கவில்லை. "காலையில எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"சும்மா நடக்க."

மச்சினனும் கண்டுகொண்டான். ஓடுவதற்கு முன்பே, சும்மா நிற்கும்போதே, பம்பரத்தின் இதயம் வழக்கத்தைவிட வேகமாக அடித்தது. எடை குறைந்துகொண்டே வந்தது. முன்பு சரசரவென்று இறங்கிய கோடு மறுபடி தயங்கித் தயங்கி இறங்கியது. பட்டையைக் கழற்றிக்கொண்டே அவன் கேட்டான்.

"மாமா, நான் எழுதிக் கொடுத்ததுக்கு மேல எதாச்சும் ஓட வைக்கிறீங்களா?"

"இல்லையே."

"ரொம்ப ஓட்டின நாய் மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்."

"நான் ஏன் மச்சான் உங்கிட்ட மறைக்கப் போறேன்?"

மச்சினன் அவர் முகத்தைப் பார்த்தான். அவன் படித்து முடிக்கும்வரை தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர், அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று அவனைவிட அதிகமாக அழுதவர். அவரை நம்பாமல் இருக்க அவனுக்குத் தெரியாது. வயிற்றில் பூச்சி இருக்கலாம் என்று மருந்து கொடுத்து, சில நாள் முழு ஓய்வு எழுதினான். விசிலும் பயந்துபோய் அந்தச் சில நாளைக்குப் படிகளின் பக்கம் போகவில்லை. அந்த ஓய்வின் தெம்பிலேயே பம்பரம் உடல் தகுதித் தேர்வில் தேறிவிட்டது. அதிகாரி அவர் தோளில் தட்டி, "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்ல, விசில்" என்றார். இடிபாட்டுத் தேர்வு மட்டும் மிச்சம்.

ஓய்வினால்தான் தேறியது என்பது மச்சினனுக்குப் புரிந்தது. விசில் மட்டும் படிகளால்தான் தேறியது என்று நினைத்தார். மறுநாள் விடிந்ததும் மணல் சட்டையை மறுபடி எடுத்தார். அதற்கு அடுத்த நாளும், அதற்கும் அடுத்த நாளும்.

அந்த மூன்றாம் நாள்தான் சலவைக் கட்டடம் இடிந்தது.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் மூன்று மாடிக் கட்டடம் அது. முன்பகல் நேரம்; உள்ளே ஆட்கள் வேலையில் இருந்தார்கள். ஏதோ ஒரு தூண் விட்டதில் மேல் இரண்டு மாடிகளும் கீழே உட்கார்ந்துவிட்டன. படை போய்ச் சேர்ந்தபோது தூசு இன்னும் அடங்கவில்லை. ஈர வெள்ளைப் போர்வைகள் கம்பிகளில் மாட்டி நார்நாராகக் கிழிந்து தொங்கின. கொதிகலன் குழாய் உடைந்து நீராவி வந்துகொண்டிருந்தது. கட்டாந்தரையில் நிற்கவே உடம்பு தகித்தது.

தேடலுக்கு அனுப்பும் முன் நாய்களைச் சோதிப்பது மச்சினனின் பொறுப்பு. வண்டியின் பின்கதவருகே முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். பம்பரத்தின் ஈறை அழுத்திப் பார்த்தான், தொடையைத் தடவினான். தொடை விறைத்திருந்தது.

"இன்னைக்கு எதாச்சும் ஓடினானா மாமா?"

காலையில் அந்த நாய் மணலைச் சுமந்துகொண்டு படிகளில் ஏறி இறங்கியிருந்தது. கடைசி ஏற்றத்தில் நின்று, முதல்முறையாக, அவரைத் திரும்பிப் பார்த்திருந்தது. அவர் போ என்று கை காட்டியிருந்தார், அது போயிருந்தது.

அங்கே அதைச் சொல்லியிருந்தால் பம்பரம் வண்டியில் இருந்திருக்கும். இருந்ததே மூன்று நாய்கள். மற்ற இரண்டும் இளசு. இடிந்த கட்டடத்தைச் சுற்றி அழுதுகொண்டு நிற்கும் கூட்டத்தின் முன்னால், பிரிவின் பெயர்பெற்ற நாயைக் கட்டிப்போட்டு, ஏன் என்று அதிகாரிக்கு விளக்க வேண்டும். விசிலின் நாக்கு மனதைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"இல்ல மச்சான். வீட்டுல படுத்துத்தான் கிடந்தான்."

முதல் சுற்றில் பம்பரம் தன் பெயரைக் காப்பாற்றியது. முன்பக்கத்து இடிபாட்டில் ஏறிய சிறிது நேரத்தில் நின்று குரைத்தது. கான்கிரீட்டை அறுத்து, சலவை இயந்திரங்களுக்கு நடுவே சிக்கியிருந்த இரண்டு ஆண்களை உயிரோடு வெளியே எடுத்தார்கள். கூட்டத்தில் யாரோ "நல்லா இருடா ராசா" என்று கத்தினார்கள். தண்ணீர் காட்டி, ஈரத்துணியால் வயிற்றைத் துடைத்துக் கொஞ்சம் ஆற விட்டபின், பின்பக்கத்தைத் தேடச் சொல்லி அதிகாரி அனுப்பினார்.

பின்பக்கம் இஸ்திரிப் பகுதி. நீராவி அதிகம்; அதன் இரைச்சலில் கீழே யார் கத்தினாலும் மேலே கேட்காது. பம்பரம் ஏறத் தொடங்கும்போதே வாயைத் திறந்துவிட்டது. நாக்கு அகன்று, நுனி சுருண்டு தொங்கியது. விலா துருத்தி மாதிரி போய்ப் போய் வந்தது. பின்னங்கால்கள் ஒவ்வொரு கல்லிலும் அரை நொடி தாமதமாக வந்தன. விசில் பக்கத்திலேயே நடந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்தது. வாய் திறந்தா மூக்கு மூடின மாதிரி என்று மச்சினன் சொன்னதுகூட ஞாபகம் வந்தது.

சாய்ந்து கிடந்த ஒரு பெரிய கான்கிரீட் பலகத்தின் மேல் பம்பரம் ஏறியது. அங்கே அதன் தலை ஒருமுறை இடப்பக்கம் திரும்பியது. மிகச் சின்னத் திருப்பம். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தத் தலை அப்படித் திரும்பினால் மறுபடி அதே இடத்தைச் சுற்றவிட வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நாய் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் நின்றது. வாயை மூட முயன்றது, முடியவில்லை. பிறகு நகர்ந்தது. பலகத்தைத் தாண்டிப் போய்விட்டது.

திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கீழே இறக்கி ஆற வைத்து மறுபடி அனுப்பியிருக்கலாம். 'என் நாயால முடியல, வேற நாயை அனுப்புங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கீழேயிருந்து மச்சினன் பார்த்துக்கொண்டிருந்தான், அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். நாய் விழுவதற்குள் அதை இறக்கிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் தலையில் இருந்தது. கையை உயர்த்தி, இங்கே யாரும் இல்லை என்று அடையாளம் காட்டினார்.

வண்டிக்குத் திரும்பிய பம்பரம் ஏற முடியாமல் சக்கரத்தின் பக்கத்திலேயே சரிந்தது. படுத்தபடியே சிறுநீர் போனது. கறுங்காப்பி நிறத்தில் இருந்தது அது. மச்சினன் அதைப் பார்த்தான். நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டிக்கு ஓடினான்.

மறுநாள் காலை விசில் விலங்கு ஆஸ்பத்திரியில், கூண்டுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பம்பரத்தின் முன்னங்காலில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் வாலின் நுனி மட்டும் அசைந்தது. மச்சினன் இடிபாட்டிலிருந்து நேராக வந்தான். சட்டையெல்லாம் தூசு, கண்ணெல்லாம் சிவப்பு, முகத்தில் மட்டும் சிரிப்பு.

"மாமா, பின்பக்கத்துல ஒரு அம்மா உயிரோட கிடைச்சுட்டாங்க! பக்கத்து நகரத்துப் படை வந்துச்சில்ல, அவங்க நாய் குரைச்சுச்சு. அந்தப் பெரிய பலகம் சாஞ்சு கிடந்துச்சே, அதுக்கு அடியில. கால்தான் நசுங்கிப் போச்சு. ஆனா உயிர் இருக்கு மாமா!"

விசிலின் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்ன மாமா?"

"பம்பரம் அங்க தலையைத் திருப்புச்சு" என்றார் விசில். "நான் பாத்தேன்."

மச்சினன் கூண்டில் மாட்டியிருந்த இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தான். பிறகு மிக மெதுவாகக் கேட்டான்.

"தசை உடைஞ்சு, அந்தக் கழிவு இரத்தத்துல கலந்து சிறுநீரகத்தை அடைச்சிருக்கு. ஒரு மத்தியான வேலையில இவ்வளவு ஆகாது. நேத்துக் காலையில என்ன பண்ணீங்க மாமா?"

சொன்னார். கார் நிறுத்தம், படி, மணல் சட்டை, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது மச்சினன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"ரெண்டு தடவை கேட்டேன்."

"ஆமா."

"ரெண்டாவது தடவை நான் முட்டி போட்டுக் கேட்டேன் மாமா."

மச்சினன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அன்று மத்தியானமே விசில் அதிகாரியின் அறைக்குப் போய், யாரும் கேட்பதற்கு முன் நடந்ததை எல்லாம் சொன்னார். அதிகாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பலகத்தின் அடியிலிருந்து எடுத்த பெண் இஸ்திரி போடுகிறவள். நாற்பது வயதிருக்கும். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முந்தின நாளே அவளை வெளியே எடுத்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று விசில் ஒரு டாக்டரைக் கேட்டார். "சொல்ல முடியாது. பிழைச்சிருக்கலாம், போயும் இருக்கலாம்" என்றார் அவர். அந்தச் 'சொல்ல முடியாது' அவரை எந்தப் பக்கமும் விடவில்லை.

அந்தப் பெண்ணைப் பார்க்கப் போக வேண்டாம் என்று மனைவி தடுத்தாள். "அவங்களுக்கு இருக்கற வேதனை போதாதா? உங்க பாரத்தை இறக்கி வைக்க அவங்க தலைதான் கிடைச்சுதா?" என்றாள். அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் போனார். ஜன்னலோரக் கட்டிலில் அந்தப் பெண் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சீருடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நாய்ப் படையா? உட்காருங்க அண்ணே. உங்க நாய்தான் என்னைக் கண்டுபிடிச்சுதா?"

"இல்லம்மா. அது வேற ஊர் நாய்."

"எதுவா இருந்தா என்ன? புண்ணியம்." அவளுக்குப் பேச ஆள் தேவைப்பட்டது போலிருந்தது. "அதுக்கு முந்தின நாளே ஒரு நாய் வந்துச்சுண்ணே. எனக்கு நேர் மேல. கண்ணுக்குத் தெரியல; மூச்சு மட்டும் கேட்டுச்சு. ஹஹ் ஹஹ்ன்னு, ஆள் ஓடிவந்து நிக்கற மாதிரி. விரிசல் வழியா எச்சில்கூட என் கையில சொட்டுச்சு. அதுவரைக்கும் கத்திக்கிட்டே இருந்தேன். அப்பாடா, வந்துட்டாங்க, இனிமே தொண்டையை வீணாக்க வேண்டாம்னு நிறுத்திட்டேன்."

விசில் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார்.

"அது என் நாய்மா."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"அப்புறம் ஏன் போயிடுச்சு?"

"மூச்சு வாங்கற நாய்க்கு மோப்பம் வராது. அன்னைக்கு விடிகாலையில நான்தான் அதை ஓட்டி ஓட்டிக் களைக்க வெச்சிருந்தேன். வேலை செய்யற நிலைமையில அது இல்ல."

"அதுக்கு முடியலேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே தண்ணீர்த் தொட்டியும் அதன் மேல் புறாக்களும் தெரிந்தன. அழுவாள், கத்துவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்து அவர் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் திருப்பாமலே அவள் கேட்டாள்:

"இப்ப எப்படி இருக்கு அது?"

"பொழைச்சுக்கிச்சு. ஆனா இனி வேலைக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க."

"எனக்கும் அதைத்தான் சொன்னாங்க. நின்னு செய்யற வேலை இனிமே ஆகாதாம்." குரலில் கோபம் இல்லை, இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு, "நீங்க போங்கண்ணே. எனக்குக் கொஞ்சம் படுக்கணும்" என்றாள்.

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிறகு அவர் அங்கே போகவில்லை. அவளாகக் கூப்பிட்டு அனுப்பவும் இல்லை.

விசாரணை நடந்தது. கொஞ்ச நாள் வேலையிலிருந்து நிறுத்திவைத்து, பிறகு கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். எதற்குப் பயந்து அவ்வளவும் செய்தாரோ அதே நாற்காலிதான். தலையில் ஹெட்போனோடு அழைப்புகளை வாங்கி, வண்டிகளை அனுப்பினார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மைதானத்தில் இளம் நாய்கள் குழாய்க்குள் புகுந்து வெளியே வந்துகொண்டிருக்கும். யாரும் அங்கே விரலை மடக்கி விசில் அடிக்கவில்லை. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு உறுத்தியது.

மச்சினன் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினான். அக்காவோடு போனில் பேசுவான்; 'மாமா நல்லா இருக்காரா' என்று கேட்பதோடு சரி. பம்பரத்தின் இரத்தத்தை அவ்வப்போது பார்க்க வேண்டியிருந்ததால் கடைசியில் ஒருநாள் மாலை அவனே வந்தான். நாய் அவனைக் கண்டு குதிக்கப் பார்த்து, பின்னங்கால் இடறி உட்கார்ந்தது. தொடையில் சதையே இல்லை. முன்பு விரல் பதியாத இடத்தில் இப்போது எலும்பு தட்டுப்பட்டது. இரத்தம் எடுத்து முடித்தபிறகும் அவன் கிளம்பாமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேண்டுமென்றே உள்ளே போய்விட்டாள்.

"திரையில எல்லாம் தெரிஞ்சுது மாமா" என்றான். "துடிப்பு, எடை, எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுச்சு. நாய் சொன்னதை விட்டுட்டு நீங்க சொன்னதை நம்பினேன். அது என் தப்பு."

"வீட்டு ஆளை நம்பினது எப்படிடா தப்பாகும்?"

"அங்க நான் வீட்டு ஆள் இல்லையே. டாக்டர்."

விசில் பம்பரத்தின் மடிந்த காதை நிமிர்த்தி நிமிர்த்தி விட்டார். அது மறுபடி மறுபடி மடிந்தது.

"புதுசா சேர்றவங்களுக்கு வகுப்பு எடுக்கறேன்" என்றான் மச்சினன். "ஓய்வைப் பத்திப் பேசறப்போ இதைச் சொல்லலாமான்னு உங்களைக் கேக்கணும். பேர் சொல்ல மாட்டேன். ஒரு பயிற்சியாளர்னு மட்டும்."

"பேரைச் சொல்லு."

"வேண்டாம் மாமா."

"பேர் இல்லேன்னா கதைன்னு நினைச்சுக்குவாங்க. கட்டுப்பாட்டு அறையில உட்கார்ந்திருக்காரே, அவர்தான்னு சொல்லு. வேணும்னா வந்து பாக்கட்டும்."

அவன் தேநீரைக் குடித்தான். ஆறிப் போயிருந்தது, ஆனாலும் முழுதும் குடித்தான். போகும்போது வாசலில் நின்று, "சாயங்காலம் கொஞ்ச தூரம் நடத்தலாம். அவன் நிக்கறப்போ நில்லுங்க. அவன் உட்கார்ந்தா நீங்களும் உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வந்தான். பழைய கேலியும் கிண்டலும் திரும்பி வரவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனான், அக்காவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

மாலை நேரங்களில் விசில் பம்பரத்தோடு தெருமுனைவரை போவார். கயிறு தளர்ந்தே இருக்கும். அவர் சீருடை இல்லாமல், செருப்பைத் தேய்த்துக்கொண்டு பின்னால் நடப்பார். எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்பதையெல்லாம் நாய்தான் முடிவு செய்தது. ஒருநாள் மீட்புப் படையின் வண்டி ஒன்று சைரன் அலற அவர்களைக் கடந்து போனது. அது அவர் வாங்கிய அழைப்பாக இருக்காது. அவர் வேலை முடிந்து வந்து வெகுநேரமாகியிருந்தது. பம்பரம் சட்டென்று நிமிர்ந்தது. நிமிர்ந்த காது இன்னும் விறைத்தது, உடம்பு முழுதும் நடுங்கியது. வண்டி போன திசையில் ஒரு எட்டு வைத்து, நின்று, திரும்பி அவரைப் பார்த்தது.

அவர் நடைபாதை ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையை அதன் விலாவில் வைத்தார். இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. "வேண்டாம்டா" என்றார்.

அது நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. சைரன் சத்தம் தேய்ந்து மறைந்தது. கடைக்காரர் ஒருவர் ஷட்டரை இறக்கினார். நாய் தானாகத் திரும்பும்வரை விசில் கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.